சனிக்கிழமைப் பொட்டலம்

"மாயாண்டி என் தொட்டியில சாக்கடைத் தண்ணிய ஊத்துறான்லா!"

செனாவாங் தொழிற்சாலை கேண்டீனில் தர்மேந்திரன் போட்ட சத்தத்தில், பக்கத்து மேசைக்காரர் நாசி லெமாக் சோற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

கைப்பேசியில் வீட்டுக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மாயாண்டி, சின்ன வயது சிநேகிதன், இரண்டு வீட்டு வரிசை தள்ளிக் குடியிருப்பவன், கூடத்துக்குள் வருகிறான். சுற்றுமுற்றும் பார்க்கிறான். பையிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் எதையோ எடுத்து மீன் தொட்டிக்கு மேலே பிடித்துப் பிழிகிறான். தொட்டி கலங்குகிறது. பூனை மாதிரி நழுவிவிடுகிறான்.

அந்தத் தொட்டியில் இருந்தது கடை மீன் இல்லை. பதினோரு செலுவாங். எஸ்டேட் ஓடை மீன், விரல் நீளம். தோட்டத்தை அழித்து வீடு கட்ட வந்தவர்கள் ஓடையைக் குழாய்க்குள் தள்ளி மூடுவதற்கு முந்தின நாள், தர்மேந்திரனும் மாயாண்டியும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கைலியை வலையாக விரித்துப் பிடித்தவை. செத்தால் வேறு பிடிக்க ஓடை கிடையாது.

அந்த ஓடையில்தான் ஒரு காலத்தில் மாயாண்டி குளித்துக்கொண்டிருப்பான். தர்மேந்திரன் புதருக்குள் ஒளிந்துகொண்டு, எஸ்டேட்டில் எல்லாரையும் விரட்டி வேலை வாங்கும் மண்டோர் குரலில், "யார்ரா அங்க, ஸ்கூலுக்குப் போகாம?" என்பார். அவ்வளவுதான், கரையில் கழற்றிப் போட்ட சிலுவாரைக்கூட மாட்டாமல் மாயாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே பறப்பான்.

மீன்களுக்கு வடிகட்டியைத் தர்மேந்திரனே செய்தார். இரண்டு இஞ்ச் கனத்தில் நீல ஸ்பஞ்ச். தொட்டிக்குக் குறுக்கே சுவர் மாதிரி நிற்கும். அதற்குப் பின்னால் ஒரு காற்றுக் குழாய், வடிந்து வரும் தண்ணீரை ஏற்றி முன்பக்கம் ஊற்றும். உள் அகலம் பதினைந்து இஞ்ச் என்று அச்சாகப் பதினைந்து வெட்டினார். ஸ்பஞ்ச் பெயர்ந்து படகு மாதிரி மிதந்தது.

மாயாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அரை இஞ்ச் கூட்டி வெட்டுடா. நெருக்கித் திணிச்சாத்தான் நிக்கும், சந்துல தண்ணி ஓடாது. தண்ணி ஸ்பஞ்சுக்குள்ள நடந்து போவணும்லா, ஓடக் கூடாது. அப்புறம், அதத் தேய்ச்சுக் கழுவாத. அந்த அழுக்குலதான் மீனுக்கு உயிரே இருக்கு."

"கழுவச் சோம்பேறித்தனம். அதுக்கு ஒரு கதை!"

தர்மேந்திரன் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் வாசல், சாமி மேடை, மோட்டார் சைக்கிள் எல்லாம் குளிக்கும். ஸ்பஞ்சும் குளித்தது. குழாயடியில் வைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, பழைய நீலம் தெரிகிறவரை விடமாட்டார்.

அப்படிக் காப்பாற்றிய தொட்டியில்தான் இந்த வேலை!

அன்று மாலையே மாயாண்டி வீட்டு கேட்டில் போய் நின்றார்.

"பொறாமைடா உனக்கு! உன் தொட்டி நாறுது, என்னுது பளபளன்னு இருக்கு. பொறுக்கல!"

"தர்மா, அது வந்து..."

"பேசாத! இனிமே என் வீட்டுப் படிய மிதிக்காத!"



இரண்டு மாதம் ஓடிவிட்டது. பதினோரு மீனும் துள்ளிக்கொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை. தர்மேந்திரனுக்கு வழக்கமான சனி ஷிப்ட் இல்லை. முந்தின நாள் ஓவர்டைமில் விட்டுப்போன ஸ்பஞ்சை இன்று தேய்த்து முடித்திருந்தார்.

"பாத்தியா ரோகினி? அவன் காலடி படாததுல இருந்து ஒரு மீனு சாகல." மாயாண்டி மாதிரியே மூக்கால் இழுத்தார். "'தேய்ச்சுக் கழுவாதடா, அழுக்குலதான் உயிரே இருக்கு!'"

எப்போதும் சிரிக்கிற மனைவி இன்று சிரிக்காமல் சமையலறைக்குப் போனாள்.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நின்றது. போய்விட்டது. எட்டிப் பார்த்தார். கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம், கடையில் டீ கட்டித் தருவது மாதிரி கழுத்தில் சிவப்புக் கயிறு கட்டித் தொங்கியது. உள்ளே நல்ல பழுப்பு.

"ரோகினி! தே தாரே கட்டித் தரச் சொன்னியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிரித்துக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினார். நுரைகூட இருந்தது. ஆறித்தான் போயிருந்தது. வாய்க்குக் கொண்டுபோனார்.

"ஐயையோ, குடிச்சிராதீங்க! அது மீனுக்கு!"

தம்ளர் உதட்டருகே நின்றது.

"எந்த மீனுக்கு?"

"நம்ம மீனுக்குத்தான். மாயாண்டி அண்ணன் அவரு ஸ்பஞ்சப் பிழிஞ்ச தண்ணி. நீங்க தேய்ச்சுப் போக்குற உயிரு அந்த அழுக்குலதான் திரும்பி வருதாம். முன்ன அவரே வந்து பிழிஞ்சுவிடுவாரு. நீங்க வராதன்னதுல இருந்து சனிக்கிழமை தவறாம இப்படிக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் போறாரு. ஸ்பஞ்சுக்குப் பின்னால நான் ஊத்திருவேன். இன்னைக்கு நீங்க வீட்டுல இருக்கிறது அவருக்குத் தெரியாது."

தர்மேந்திரன் தொட்டியைப் பார்த்தார். அப்போதுதான் கழுவிய நீல ஸ்பஞ்சைப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லுறேன்னுதான் சொன்னேன். அவருதான் வேணாம்னாரு. 'சொன்னா கேக்க மாட்டான், உன்கிட்டயும் சண்டை போடுவான். என்னைத் திட்டுனாத் திட்டிட்டுப் போறான் தங்கச்சி. நம்ம ஓடையில மிச்சம் இருக்கிறது அவன் தொட்டி மட்டும்தானே'ன்னாரு."

தம்ளரிலிருந்ததை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஸ்பஞ்சுக்குப் பின்னால் ஊற்றினார். சட்டைகூடப் போடாமல் இரண்டு வரிசை நடந்தார்.

மாயாண்டி வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு, பழைய மண்டோர் குரலை எடுத்தார்.

"யார்ரா அங்க..."

பாதியிலேயே அவருடைய சொந்தக் குரல் வந்துவிட்டது.