ஒரே பழுப்பு அட்டை

சாப்பாட்டு மேசை நடுவில் குருமட அதிபர். அவருக்கு வலப்பக்கம் பொருளாளர் சூசைநாதர். கதவோரம், அதிபருக்காகக் கடிதங்கள் எழுதித்தரும் நான். வாசிப்பு மேடையில் பிரதர் ரெமிஜியுஸ். பார்வை போய்விட்ட பேராசிரியர் ஞானாதிக்கம் எங்கள் நூலகத்துக்குச் செபம், சமய வரலாறு, நகைச்சுவை இசைநாடகம் பற்றித் தாம் எழுதிய மூன்று நூல்களை அனுப்பி, “மூன்றையும் பிரிக்காமல் வைப்பீர்களா?” என்று கேட்டிருந்தார். “அந்தக் கூத்தை மட்டும் திருப்பி அனுப்பிடலாம்” என்றிருந்தார் சூசைநாதர். எல்லாவற்றுக்கும் ஒரே பழுப்பு அட்டை. குருமட வழக்கப்படி எல்லோரும் வாசிப்பைக் கேட்டபடி சாப்பிட, ரெமிஜியுஸ் செபநூல் என்று நினைத்து ஒன்றை எடுத்து வாசித்தார்: “பெட்டிக்குள் ஒளிந்த பிரபு, வந்த தும்மலையும் ராகமாகவே பாடுகிறார்.” திகைத்து நிறுத்தினார். சூசைநாதருக்குச் சிரிப்பில் ரசம் புரையேறியது. “நிறுத்தாதீங்க பிரதர், மேல படிங்க” என்றார், கண்ணைத் துடைத்தபடி. அதிபரும் தலையசைத்தார். மூன்றும் ஒரே அலமாரியில் இருக்கும் என்று அன்றே பேராசிரியருக்கு எழுதினேன். “நன்றியை ரெண்டு தடவை போடுங்க” என்றார் சூசைநாதர். போட்டு, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.