யார் வழி வந்த வெள்ளை

"ஜீன் உங்க மருமக வழியாத்தான் வந்திருக்கு" என்று மதுரை டாக்டர் மூக்கம்மாளிடம் சொன்னார்.

பக்கத்தில் மருமகள் பவானி. மடியில் ஒரு வயது தேவயானி. குழந்தைக்கு நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி பிறவியிலேயே வெள்ளை. ஒரு காதும் கேட்கவில்லை. அதற்குத்தான் டெஸ்ட்.

"பாக்ஸ் 3னு ஒரு ஜீன். ஏலத்தோட்டத்துக் கங்காணி மாதிரி, மத்த ஜீன்களை வேலை வாங்குறது அதுதான். அதுல சின்ன மாற்றம். இதுல யார் மேலயும் குத்தமில்ல" என்றார் டாக்டர்.

அதைச் சொந்தக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே! மாமியாரின் ஓரகத்தி பவுனு ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: "அவ வழிக் கோளாறுன்னா புள்ளையோட அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பி விடுங்கக்கா. நம்ம சுரேஷ்கண்ணனுக்கு வேற பொண்ணா கெடைக்காது?"

பவானியின் புருஷன் சுரேஷ்கண்ணனோ அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை.

தேனி பஸ்ஸில் மாமியார் சொன்னது ஒன்றுதான். "டாக்டர் சொன்னத வீட்டுல யார்ட்டயும் சொல்லாத. வெள்ளிக்கிழம புள்ளைக்கு மொட்டை போடுற கோயில்ல வச்சு நான் பேசிக்கிறேன்."

அத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கப் போகிறாள்! வெள்ளிக்கிழமை வரை பவானிக்குச் சோறு இறங்கவில்லை.

தேவாரத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயில். தாய்மாமன் மடியில் வைத்துக் குழந்தைக்கு மொட்டை போட்டு முடிந்தது. உடனே மூக்கம்மாள் தன் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் எறக்கி விடுங்க."

பவானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கருகரு முடிமேல் மாமியாருக்கு எத்தனை கர்வம்! மருமகளால் வந்த தோஷத்தைக் கழிக்கிறாளா?

முடி இறங்கியதும் பவுனு ஆரம்பித்தாள். "டாக்டரு என்னக்கா சொன்னாக? யாரு வழியாம்?"

பவானி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"என் வழிதான்" என்றாள் மூக்கம்மாள். "எனக்கும் இதே எடத்துல பிறவியிலயே வெள்ள முடி. இம்புட்டு நாளா டை அடிச்சு மறைச்சு வச்சிருந்தேன். இனிமே என் பேத்தியையோ மருமகளையோ ஒரு சொல்லு சொன்னா, என்னையச் சொன்ன மாதிரி."

பவுனு பொங்கல் பானையைக் கிண்டப் போனாள். மற்றவர்களும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

மாமியார் தலையில் சந்தனம் பூசிக்கொண்டே பவானி தாழ்ந்த குரலில் கேட்டாள். "அத்தை... உங்களுக்கு வெள்ள முடியே கெடையாதே. யாராச்சும் பாத்தா?"

"அதுக்குத்தான ஆத்தா மொட்டை போட்டேன்! இனி எவ வந்து தேடிப் பாப்பா?"