அணியாதவர் ஒருவர்

பல்கலைக்கழக வாசலில் முகக்கவசம் அணிந்தவர், அணியாதவர் என்று கோடு போட்டு எண்ணுவது மதுரவல்லியின் வேலை. எண்ணப்படுபவரிடம் பேசக் கூடாது என்பது விதி. அவள் கோபித்துக்கொண்டு பிறந்தகம் வந்த நாளிலிருந்து, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டு, சிறு தொற்றும் ஆகாத கணவன் இளம்பரிதி தினமும் ஒன்பது மணிக்கு எதிரே நின்று முகக்கவசத்தைக் கழற்றுவான். “என் மூஞ்சியப் பாத்தாவது பேசு, வல்லி.” அவள் ‘அணியாதவர்’ பக்கம் ஒரு கோடு போடுவாள். நேற்று அவன் இருமினான். அப்போதும் கோடுதான் போட்டாள். இன்று பத்தரை ஆகியும் ‘அணியாதவர்’ பக்கம் காலியாகவே இருந்தது. “நூத்துக்கு நூறும்மா! இன்னைக்குத்தான் நம்ம ஊரு உருப்பட்டிருக்கு,” என்று சிரித்தார் மேற்பார்வையாளர். மதுரவல்லி தன் முகக்கவசத்தைக் கழற்றினாள். வாசலைக் கடக்கும் ஒவ்வொரு ஜோடிக் கண்களையும் பார்த்து, “பேசுறேங்க... பேசுறேன்” என்றாள்.