புதுசுதான்

"மறுபடியும் இதுக்குக் கவர் போட்டுத் தரணும் தம்பி."

வீடியோ கேம் டப்பாவைக் கவுண்டர் மேல் வைத்தார் ஆனந்தவள்ளி.

அருள்ராஜுக்குச் சுருக்கென்றது. போன வெள்ளிக்கிழமை கொண்டுவந்த அதே கேம். அதே மாதிரி பிரித்த டப்பா.

மெயின்கார்டு கேட் பக்கம், மாடியில் அவன் கடை. எல்லோரும் கேமை நெட்டிலேயே இறக்கிக்கொள்ளும் காலம். காலை நேரத்தில் படியேறி வருவது இந்த அம்மா ஒருவர்தான். செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். டப்பாவுக்குப் புதிது போலப் பிளாஸ்டிக் உறை போட்டு, சூடு காட்டி ஒட்டித் தரச் சொல்வார். அறுபதை நெருங்கும் அம்மா கேட்கிறாரே என்று அவனும் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான்.

போன வெள்ளிக்கிழமைதான் சந்தேகம் வந்தது. படியிறங்கும்போது போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

"புதுசுதாங்க. யாரும் பிரிக்கக்கூட இல்ல."

எங்கிருந்தோ இதே கேமில் பழைய டப்பாக்களாக வாங்கி, புதிது என்று யார் தலையிலோ கட்டுகிறார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இனிமே என்னால போட்டுத் தர முடியாது."

"ஏன் தம்பி?"

"பழசைப் புதுசுன்னு சொல்லி ஒருத்தரை ஏமாத்தறது நல்லா இல்ல. அதுக்கு நானும் கூட்டா இருக்க முடியாது."

மறுத்துப் பேசுவார் என்று நினைத்தான். ஆனந்தவள்ளி மறுக்கவில்லை.

"ஏமாத்தறதுதான்" என்றார் மெதுவாக.

அதற்குள் அவருடைய போன் அடித்தது. காதில் வைத்தால் கேட்காத பழைய போன். ஸ்பீக்கரில் போட்டார்.

"வள்ளி, எங்க போயிட்ட?" ஓர் ஆண் குரல்.

"டவுனுக்குங்க. கேம் வாங்கிட்டு வரேன். யமுனா பக்கத்துல இருக்கால்ல?"

"இருக்கா. கேமா? அதெல்லாம் எனக்கு ஆடத் தெரியாதே."

"சேர்ந்து கத்துக்கலாம்."

"யாராவது ஆடிப் போட்டதைத் தூக்கிட்டு வந்துடாத."

"இல்லங்க. புதுசுதான்."

"சரி, கொண்டா. நானே பிரிக்கறேன்."

போனைப் பைக்குள் வைத்துவிட்டு, ஆனந்தவள்ளி கவுண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீட்டுக்காரர். ரயில்வேல சிக்னல் வேலை பார்த்தவர். மறதி வந்து மூணு வருஷமாச்சு தம்பி. பக்கத்து வீட்டு யமுனாவைத் துணைக்கு உட்கார வெச்சுட்டுத்தான் வெளிய வருவேன். பொண்ணு புனேவுக்குப் போறப்ப கேம் மெஷினை விட்டுட்டுப் போனா. ஒரு நாள் சும்மா கையில கொடுத்தேன். என்ன நல்லா ஆடினார் தெரியுமா. நடுநடுவுல என்கிட்ட பேசினார். சிரிச்சார். தூங்கி எழுந்தா, ஆடினதே ஞாபகம் இல்ல."

"கவர் எதுக்கும்மா?"

"டப்பா பிரிஞ்சிருந்தா யாரு பிரிச்சதுன்னு கேப்பார். நீங்கதான்னு சொன்னா, எப்பன்னு கேப்பார். அப்புறம் நாள் பூரா நெத்தியைப் பிடிச்சுட்டு உட்கார்ந்துடுவார். யாரோடயும் பேச்சு கிடையாது. இப்படி மூடி இருந்தா அந்தக் கேள்வியே வராது."

அருள்ராஜ் டப்பாவை எடுத்து உறைக்குள் நுழைத்தான். சூடு பட்டதும் உறை இறுகிப் பிடித்துக்கொண்டது. ஓரத்தில் சின்னதாய் ஒரு சுருக்கம் விழுந்துவிட்டது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, வேறு உறை எடுத்து முதலிலிருந்து ஒட்டினான்.

ஆனந்தவள்ளி அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

"இன்னொரு கேமும் பார்க்கணும் தம்பி. ரெண்டு பேரும் சேர்ந்து ஆடற மாதிரி."

"எப்படிப்பட்டதும்மா?"

"ஒரு தடவை முடிச்சதும் அவ்வளவுதான்னு ஆகிடக் கூடாது. எத்தனை தடவை ஆடினாலும் சலிக்காம இருக்கணும்."

அருள்ராஜ் அலமாரியைத் துழாவினான். துப்பறியும் கேம் ஒன்றை எடுத்து, அவனே திரும்ப வைத்தான்.

"கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா இதுல ருசி போயிடும்."

கார் ரேஸை ஆனந்தவள்ளியே வேண்டாம் என்றார். வேகமாக ஓடினால் வீட்டுக்காரருக்குத் தலை சுற்றுமாம்.

மேல்தட்டின் மூலையிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டினான்.

"இதைப் பாருங்க. ரெண்டு பேரும் ஒரு தீவுல மாட்டிக்கறீங்க. வழி தேடி வெளிய வரணும். ஆனா ஒவ்வொரு தடவை ஆரம்பிக்கறப்பவும் தீவே வேற மாதிரி மாறிடும். போன தடவை இருந்த பாதை இந்தத் தடவை இருக்காது."

ஆனந்தவள்ளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார்.

"அடுத்து என்ன வரும்னு முன்னாடியே தெரியாதா?"

"தெரியவே தெரியாதும்மா."

"நூறு தடவை ஆடினாலும்?"

அருள்ராஜுக்கு மனசு கேட்கவில்லை.

"இவ்வளவு தேடிப் பார்த்து வாங்கணுமாம்மா? சாருக்கு நீங்க எதைக் கொடுத்தாலும் புதுசுதானே?"

"அவருக்குப் புதுசுதான் தம்பி." ஆனந்தவள்ளி கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப ஆடற கேம்ல ஒரு மரப்பாலம் வருது. பாதியில இடியும்னு எனக்குத் தெரியும். 'பயப்படாம வா வள்ளி, நான் இருக்கேன்'னு ஒவ்வொரு தடவையும் கூப்பிடறார். நானும் தெரியாத மாதிரியே போய் அவரோட விழறேன். ஒரு தடவையாவது, என்ன வரும்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாம இருக்கட்டுமே."