அடக்கியின் வயிற்றெரிச்சல்

தமயந்தி டீச்சரின் மூளையில் இரண்டு புரதங்கள் பக்கத்துப் பக்கத்தில் வேலை பார்த்தன. உசுப்பி "ஆபத்து" என்று கத்தும். அடக்கி "ஒன்றுமில்லை" என்று சொல்லி அதை நிறுத்தும்.

உசுப்பி கத்தினால் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், உடம்பே எழுந்து நிற்கும். அடக்கி சொன்னாலோ எதுவும் நடக்காது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று அதற்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் வாசல் மணி அடித்தது. உசுப்பி கத்தியது.

"உன் பேச்சுக்குத்தானே இங்கே மதிப்பு. நீயே பார்த்துக்கொள்" என்று அடக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மணி அடித்த தபால்காரர் போய் இரண்டு மணி நேரமாகியும் டீச்சர் தாழ்ப்பாளைப் பிடித்தபடி நடுங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எனக்குக் கத்தத்தான் தெரியும், நிறுத்தத் தெரியாது" என்று உசுப்பி தொண்டை கட்டிப்போய்க் கெஞ்சியது. "உங்களால் மட்டும்தான் முடியும்."

அடக்கிக்கு உள்ளம் குளிர்ந்தது.

"அதை இன்னொரு தடவை சொல்லு" என்றது.

டீச்சர் இன்னும் தாழ்ப்பாளை விடவில்லை.