வாய்விட்டுச் சொல்லணும்

"வீட்டை வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் சொல்றாரு. விக்கிறவர் வாயே திறக்கலை. இது சம்மதமா, இல்லையா?"

மூடிய அறைக்குள்ளிருந்து மகனின் குரல் கேட்டது. ஸ்பீக்கரில் ஒரு பெண் பதில் சொன்னாள்.

"சம்மதம் ஆகாது. வாய்விட்டுச் சொல்லணும்."

"பலே!" என்று கூடத்திலிருந்து அப்பா கத்திவிட்டார்.

"உஷ்!" அம்மா அவர் வாயைப் பொத்தாத குறை. "மெதுவாங்க. காரியம் கெட்டுடும்."

அப்பா லாரி டிரைவர். வெகுதூரம் லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு அன்று காலைதான் வீடு திரும்பியிருந்தார். ஹாரனோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை அது. பட்டப்படிப்பை முடித்துவிட்டுப் போன வருஷம் எழுதிய சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வில் மகன் கோட்டை விட்டிருந்தான். இந்தத் தடவையாவது தேறிவிட வேண்டுமே என்ற கவலையில் தொண்டையை அடக்கி, டிவியை ஊமையாக்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

"அந்தப் பொண்ணு வேற நாட்டுல இருக்குங்கிற. அங்க பரீட்சையே வேற மாதிரியாமே? ரெண்டும் சேர்ந்து என்னத்தப் படிக்குதுங்க?"

"பரீட்சைதான் வேற. கேள்வி ஒண்ணுதானே?" அம்மா கதவிலிருந்து காதை எடுக்கவில்லை.

"முதல்ல பாஸ் பண்ணட்டும். அப்புறம் இவனுக்குப் பொண்ணு பார்க்கணும். பேச்செடுத்தாலே எரிஞ்சு விழுறான்."

"உஷ்!"

உள்ளே மகன் தொண்டையைச் செருமினான்.

"அடுத்த கேள்வி. ரெண்டு தரப்பு, ரெண்டு நாடு. ஒப்பந்தம் ஆயுசுக்கும். ஒரு தரப்பு தயார். மறு தரப்பு?"

பதிலே இல்லை.

"கஷ்டமான கேள்வி போல. பாவம், திணறுது" என்று அப்பா கிசுகிசுத்தார். அவருக்கே வியர்த்துவிட்டது.

"வாய்விட்டுச் சொல்லணும்." மகன் கெஞ்சினான்.

"சரி" என்றாள் அவள்.

அம்மா துள்ளிக் குதிக்காத குறையாக ஓடிவந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"இனிமே எவ்வளவு சத்தமா வேணும்னாலும் பேசுங்க!"

"ஏன்டி, பரீட்சை இருக்கே?"

"அது ரெண்டு பேருக்கும் போன வாரமே முடிஞ்சு போச்சு. காலையிலேருந்து உங்களை அடக்கி வெச்சது, நம்ம மருமக வாயால அந்த 'சரி'யைக் கேக்கத்தான்!"