செல்ஃப் எடுக்காத சுபாரு

டுவைட் அறைந்த அறையில் லோர்னாவின் உதடு கிழிந்தது.

"பீர் தீர்ந்துபோனது கண்ணுக்குத் தெரியலையாடி?"

"வாங்கத்தான் கிளம்பினேன் டுவைட். சுபாரு கார் செல்ஃப் எடுக்கல. நீ வந்து தட்டினாத்தான் எடுக்கும்."

சுத்தியலோடு பனியில் இறங்கி பானெட்டைத் தூக்கினான்.

"நான் அடிக்கும்போது சாவியத் திருப்பு. பிசகினா அடுத்த அடி உன் மண்டையிலதான்."

செல்ஃப் மோட்டாரில் ஓங்கி அடித்தான். வெறும் 'டிக்'. கெட்ட வார்த்தையோடு மறுபடி அடித்தான். வண்டி உறுமியது. பானெட்டை அறைந்து சாத்தினான்.

"சீக்கிரம் வந்து சேரு."

பீர் கடையைத் தாண்டியும் லோர்னா வண்டியை நிறுத்தவில்லை. பின்சீட்டில், துணிமூட்டைகளுக்கு நடுவே போர்வையை விலக்கிக்கொண்டு மகள் எழுந்தாள்.

"வண்டி கிளம்பாதோன்னு பயந்துட்டேன்மா."

லோர்னா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்கப்பா அடிச்ச அடிக்கு, யாரா இருந்தாலும் ஒருநாள் கிளம்பித்தானே ஆகணும்."